கென்டக்கியில் திரும்பக் கட்டிய மரக்கோட்டை: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

உவர்மலை அம்மா:
வணக்கம். தங்கச்சி குடும்பம் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறைக்கு நாங்களும் பிள்ளைகளும் அங்கே போகிறோம். பக்கத்தில் பூன்ஸ்பரோ என்று ஒரு கோட்டைப் பூங்கா இருக்கிறது, டேனியல் பூன் என்பவர் 1775இல் ஆட்களோடு வந்து கட்டின கோட்டை, கட்டாயம் காட்டவேண்டும் என்று நிற்கிறாள். தேடிப் பார்த்தால், பழைய கோட்டை எப்போதோ இல்லாமல் போய்விட்டது, இப்போது இருப்பது 1970களில் கட்டியது, அதுவும் பழைய இடத்தில் இல்லை. ஹாரட்ஸ்பர்க் என்ற ஊரில் இன்னொன்று இருக்கிறது, அதையும் 1927இல்தான் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்து போய், மான்களுக்குப் பக்கத்தில் நின்று வளர்கிற பிள்ளைகள். மூத்தவன் இப்பவே "அது உண்மையான கோட்டை இல்லையே அம்மா" என்கிறான். ஒரு நாள் முழுக்க அதற்குச் செலவழிக்கலாமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கோ.

சின்சினாட்டி திருமலையான்:
அக்கா, யோசிக்காமல் போங்கோ. லெக்சிங்டனிலிருந்து காரில் கிட்டத்தட்ட அரை மணி நேரம்தான்.

பழைய கோட்டை கென்டக்கி ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது நினைவுக்கல்தான் நிற்கிறது, புதுக் கோட்டையை மேட்டில் கட்டியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் மரக்குற்றிகளை அடுக்கின சின்னச் சின்ன வீடுகள், அவற்றின் பின்சுவர்தான் கோட்டைச் சுவர், வீடு இல்லாத இடத்தில் கூர் சீவின மரங்களை நெருக்கமாக நட்டிருப்பார்கள். மூலைக்கு மூலை ஒரு காவல் வீடு, அதன் மேல்தளம் கீழ்த்தளத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுவரோடு ஒட்டி வருகிறவனையும் மேலிருந்து சுடலாம் என்பதற்காக. படத்தில் பார்த்தால் இது விளங்காது, உள்ளே ஏறி அந்தத் துவாரத்தால் பார்த்தால் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் எனக்குச் சுவரைவிட உள்ளே நடக்கிற வேலைதான் பிடித்தது. அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் இருந்து கொல்லுப்பட்டறை நடத்துகிறார்கள், நூல் நூற்கிறார்கள், மெழுகுதிரி வார்க்கிறார்கள். ஒரு அம்மா சவர்க்காரம் காய்ச்சினா. சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்தெடுத்த காரநீரையும் மிருகக் கொழுப்பையும் இரும்புக் கிடாரத்தில் போட்டு நெருப்பு மேல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும், மணம் நல்லாயில்லை, கையில் பட்டால் எரியும். என் மகள் அவவை விட்டு அசையவே இல்லை, கேட்டுக்கொண்டே நின்றாள். அவவும் சலிக்காமல் பதில் சொன்னா.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பிள்ளை, மகன் கேட்டது நல்ல கேள்வி, அதை அடக்கிவிட வேண்டாம். நம்முடையது கல்லும் சுண்ணாம்பும், 1624இல் போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் திருத்தி, 1795இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு பிரெட்ரிக் என்று பெயரும் வைத்தார்கள், இன்றைக்கும் உள்ளே இராணுவம் இருக்கிறது. வல்லரசுகள் துறைமுகத்துக்காகக் கட்டின கோட்டை அது. பூன்ஸ்பரோ அப்படியில்லை. சில குடும்பங்கள் காட்டை வெட்டி, வெட்டின மரத்தாலேயே அவசரமாகப் போட்ட அரண். மண்ணில் நட்ட மரம் எத்தனை வருடம் நிற்கும்? ஆபத்துக் குறைந்ததும் மரத்தை வேறு வேலைக்கு எடுத்துவிடுவார்கள், மிச்சம் உக்கிப்போகும். அப்படிப்பட்ட கோட்டையைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்றால் திரும்பக் கட்டினால்தான் உண்டு. இது திரும்பக் கட்டினது என்று வெளிப்படையாகச் சொல்லிக் காட்டுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

போகமுன் 1778இல் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த வருடம் பெப்ரவரியில் பூன் ஆட்களோடு புளூ லிக்ஸ் என்ற இடத்தில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஷானி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் பிடிபட்டார். (எங்களுக்கு நிலாவெளியில் வெயிலே உப்பை விளைவித்துத் தருகிறது, அவர்களோ உவர்நீரை நாள்கணக்கில் நெருப்பில் வற்றவைக்கவேண்டும், உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த ஏலாது.) ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தன் மகனாகவே சுவீகரித்தார். கோட்டையைத் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜூனில் பூன் தப்பி, ஏறத்தாழ 160 மைல் கடந்து வந்து செய்தி சொன்னார். செப்டெம்பரில் முற்றுகை. ஆற்றங்கரையிலிருந்து கோட்டையை நோக்கி நிலத்துக்கு அடியால் சுரங்கம் தோண்டினார்கள், நல்ல மழை பெய்து அது இடிந்து விழுந்தது. முற்றுகை முடிந்ததும் பூனைத் துரோகி என்று சொல்லி இராணுவ விசாரணையில் நிறுத்தினார்கள், குற்றமில்லை என்று விட்டு, பதவியும் உயர்த்தினார்கள். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை போதும், அந்த மேட்டில் ஏறினதும் ஆறு எந்தப் பக்கம் என்று அவனே தேடுவான்.

நிலாவெளி மைந்தன்:
சேர் சொன்ன கதை சரி, ஆனால் அது கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களின் கதை. வெளியே நின்றவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1775இல் ஹென்டர்சன் என்ற காணி வியாபாரி செரோகி என்ற இன்னொரு பூர்வகுடியின் தலைவர்கள் சிலரிடம் கென்டக்கியின் பெரும்பகுதியைப் பொருட்கள் கொடுத்து வாங்கினார். செரோகிகளுக்குள்ளேயே டிராகிங் கனூ என்ற தலைவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஷானிகளோ அது தாங்கள் வேட்டையாடுகிற நிலம் என்றார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு வேர்ஜினியா அரசே அந்தக் கொள்வனவு செல்லாது என்றது, ஆனால் வந்து இருந்தவர்கள் இருந்தார்கள். காணிப் பிரச்சினை என்றால் என்னவென்று திருகோணமலைப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை.

இன்னொரு பெயரும் சொல்கிறேன், மங்க் எஸ்டில். அடிமையாக அங்கே கொண்டுவரப்பட்ட கறுப்பின மனிதர். அந்தப் பகுதிக் கோட்டைகளுக்கு வெடிமருந்து செய்து கொடுத்தவர் அவர்தான். 1782இல் விடுதலை கிடைத்தது. வெடிமருந்து இல்லாமல் அந்த மரச்சுவர் எதற்கு? கொல்லுப்பட்டறையைக் காட்டும்போது அவரைப் பற்றி அங்கே கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

எங்கள் கோட்டையையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். அதில் இருப்பது போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கல். வாசல் பக்கத்தில் இரட்டை மீனும் குளக்கோட்டன் பெயர் வருகிற தமிழ் எழுத்தும் பொறித்த கல் இருக்கிறது, தினமும் எத்தனையோ பேர் நிமிர்ந்து பார்க்காமல் போகிறார்கள். அக்கா, பயணத்துக்கு முதல் ஒருநாள் பிள்ளைகளை அதற்குக் கீழே நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கோ.

உவர்மலை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. சேர், இரவு முற்றுகைக் கதை சொன்னேன், சுரங்கம் இடிந்ததும் சின்னவள் கைதட்டினாள், மூத்தவன் "அப்ப ஷானிகள் எங்கே போனார்கள்" என்று கேட்டான். தம்பி, நீங்கள் சொன்ன கல்லை இந்த வெள்ளிக்கிழமை காட்டுகிறேன். பூன்ஸ்பரோவுக்குப் போவது முடிவு. ஹாரட்ஸ்பர்க்கும் சேர்த்துப் போகலாமா, இல்லை ஒன்று போதுமா?

சின்சினாட்டி திருமலையான்:
ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள், ஆகஸ்ட் வெயிலும் புழுக்கமும் எங்கள் ஊர் போலத்தான் இருக்கும். இன்னொரு நாள் கிடைத்தால் ஹாரட்ஸ்பர்க் போங்கோ. 1774இல் ஜேம்ஸ் ஹாரட் தொடங்கின ஊர், கோட்டைக்குப் பக்கத்தில் முதல் குடியேறிகளின் மயானம் இருக்கிறது, ஆபிரகாம் லிங்கனின் தாய் தகப்பன் 1806இல் கலியாணம் முடித்த மரவீட்டையும் ஒரு கட்டடத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். பூன்ஸ்பரோவுக்குக் காலையிலேயே போய்விடுங்கோ, எந்தெந்த நாளில் கைவேலை காட்டுகிறார்கள் என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கோ, அந்த ஆட்கள் இல்லாத நாளில் போனால் வெறும் மரவீடுகளைத்தான் பார்ப்பீர்கள்.