வேரோடு விழுந்த பல்: பினாங்கு ஆயர் ஈத்தாம் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு காலை

கலா, 10.12: அனைவருக்கும் வணக்கம். கவின் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. பல் கையில் இருக்கிறது, மண் ஒட்டியிருக்கிறது. வழக்கமாகப் போகும் கிளினிக் இன்று மூடியிருக்கிறது. என்ன செய்வது?

ராஜு மாமா, 10.13: பதறாதே அம்மா. பல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி டிஷ்யூவில் மடித்து வை. ஈறில் கிராம்புத் தைலம் தடவு.

மாலதி, 10.14: மாமா, பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே வேண்டாம். அக்கா, மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை விட்டுவிட்டு உடனே 999 அழையுங்கள். இல்லையென்றால், 9 வயதில் அது பால்பல் அன்று, நிலையான பல் என்பதால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்துக் குழாய் நீரில் சில விநாடிகள் மட்டும் அலசி, குழியில் சரியான பக்கமாக மெல்ல அழுத்திப் பொருத்திவிட்டு, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள்.

கலா, 10.17: கிட்டவே விட மாட்டேன் என்கிறான். பாலில் போடலாமா? வீட்டில் தேநீருக்கான டின் பால்தான் இருக்கிறது.

மாலதி, 10.18: இனிப்பான டின் பால் ஆகாது. கீழ்க்கடையில் சர்க்கரை சேர்க்காத பால் வாங்கச் சொல்லுங்கள். அது வரும்வரை அவனை ஒரு கோப்பையில் எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போட்டு வையுங்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிருள்ள செல்கள் வெறும் தண்ணீரில் ஊறினால் உப்பி வெடித்துவிடும். காற்றில் ஒரு மணி நேரம் உலர்ந்தாலோ பெரும்பாலும் இறந்துவிடும். ஆகவே, திறந்திருக்கும் கிளினிக்கைத் தொலைபேசியில் தேடிக்கொண்டே கிளம்புங்கள்; எதுவும் கிடைக்காவிட்டால் பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ராஜு மாமா, 10.31: கிராம்பை அடியோடு ஒதுக்கிவிட்டாயே, மாலதி! என் கடைவாய்ப்பல்லுக்கு அதுதானே துணை.

மாலதி, 10.36: சொத்தைப்பல் வலியைக் கிராம்புத் தைலம் சற்று நேரம் மரக்கச் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் நேரடியாக ஊற்றினால் ஈறு புண்ணாகும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது இன்னும் மோசம், சதையையே எரித்துவிடும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமானால் உறையில் குறித்த அளவில் பாரசிட்டமால் விழுங்கி, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்துவிட்டு, நாளையே பல் மருத்துவரைப் பாருங்கள். கன்னம் வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கலா, 12.05: பாயான் பாருவில் ஒரு கிளினிக் திறந்திருந்தது. பாலில் கொண்டுபோன பல்லை மருத்துவர் பொருத்தி, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு 2 வாரங்களுக்குப் பிணைத்திருக்கிறார். டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் விசாரித்தார்.

மாலதி, 12.09: நல்லது, அக்கா. அந்த 2 வாரமும் இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவே கொடுங்கள், மிருதுவான பிரஷால் பல் துலக்கச் செய்யுங்கள். பல் நிறம் மாறினாலோ ஈறில் கொப்புளம் வந்தாலோ குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே காட்டிவிடுங்கள்.