கேம் ஆஃப் த்ரோன்ஸ்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு தருணம் (அனுபவப் பகிர்வு)

ஓநாய்க்குட்டி:
நாவல்களிலிருந்து எடுக்கப்பட்ட இந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், கல்யாண விருந்தொன்றில் ராப் ஸ்டார்க்கையும் அவன் ஆட்களையும் கொன்று குவிக்கும் ரெட் வெட்டிங் எபிசோடைப் பற்றி எழுத இனி எதுவும் மிச்சமில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை என் அத்தை மகன் பார்த்துக்கொண்டிருந்த விதம்தான். 2013 ஜூனில் அது வந்தபோது அவர் புத்தகங்கள் ஐந்தையும் படித்து முடித்திருந்தார். நான் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. "இந்த எபிசோடை மட்டும் தனியாகப் பார்க்காதே, நான் வருகிறேன்" என்று சொல்லி, முறுக்குப் பொட்டலத்தோடு வந்தவர் என் பக்கத்தில் உட்காராமல் தொலைக்காட்சிக்கு அருகே சுவரோரமாக உட்கார்ந்தார்.

மண்டபத்தின் கதவுகளை மூடுகிறார்கள், மேல்மாடத்து வாத்தியக்காரர்கள் எதிரிகளான லானிஸ்டர் குடும்பத்தின் பாட்டைத் தொடங்குகிறார்கள், ராப்பின் தாய் கேட்லின், பக்கத்திலிருக்கும் தங்கள் தளபதி ரூஸ் போல்டனின் சட்டைக் கையை விலக்கிப் பார்க்கிறாள், உள்ளே இரும்பு வளையக் கவசம். என்ன நடக்கப்போகிறது என்று கேட்கத் திரும்பினேன். அவருடைய கைபேசியின் கேமரா என் முகத்தை நோக்கி இருந்தது. புத்தகம் படித்தவர்கள் பல நாடுகளில் இதையே செய்து யூடியூபில் ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆயினும், ராப்பின் கர்ப்பிணி மனைவியைக் குத்தும் இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பொங்கலுக்குக் கூடும் சொந்தக்காரர்கள் போட்டுப் பார்த்துச் சிரிப்பது எனக்கு ஒப்பவில்லை.

புத்தகப்புழு:
ஓநாய்க்குட்டி அவர்களே, உங்கள் அத்தை மகனை அவ்வளவு எளிதில் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அந்தக் கல்யாணம் இடம்பெற்ற மூன்றாம் புத்தகம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தெரிந்த ஒன்றை வெளியே சொல்லாமல் காப்பது எங்களைப் போன்றோருக்கு எவ்வளவு சிரமம் என்பதைத் தொடரை மட்டும் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள். கேமரா பிடித்தது மட்டும் தவறுதான்.

என் கதை, கேட்லினின் கணவர் நெட் ஸ்டார்க் தமக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன் என்று சொல்லி வளர்த்த ஜான் ஸ்னோவின் பிறப்பைப் பற்றியது. அவன் நெட் ஸ்டார்க்கின் மகனல்லன், பழைய அரசனின் மகன் ரேகாருக்கும் நெட்டின் தங்கை லியானாவுக்கும் பிறந்தவன் என்ற தியரி, முதல் புத்தகம் வந்த 1996ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே வாசகர்களிடையே உலவியது. சாகும் தறுவாயில் லியானா வாங்கிய சத்தியம், நீல ரோஜாக்கள், அரச குடும்பத்தைக் காக்க வேண்டிய வீரர்கள் போர்க்களத்தை விட்டு ஒரு தனிக் கோபுரத்தைக் காத்து நின்றது என்று நான் ஒவ்வொன்றாக அடுக்குவேன். என் அலுவலக மேலாளர் அசையமாட்டார். நெட் ஸ்டார்க் பொய் சொல்லும் ஆளல்ல என்பது அவர் கட்சி. "மனைவிக்குத் துரோகம் செய்தார் என்பதை ஏற்கிறீர்கள், மனைவியிடம் பொய் சொன்னார் என்பதை ஏற்கமாட்டீர்களா, சார்?" என்று கேட்டால், "அது வேறு, இது வேறு" என்பார்.

2016 ஜூன் இறுதியில் ஆறாம் சீசன் முடிந்தது. லியானா பெற்ற குழந்தையின் முகத்திலிருந்து நேராக ஜானின் முகத்துக்குக் காட்சி தாவியதும் எனக்கு உள்ளூர ஒரு வெற்றிக் களிப்பு. மறுநாள் அவர் என் மேசை அருகே வந்து நின்றார். தோற்றதை ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்க, "அப்படியென்றால் அந்த அம்மாள் கேட்லின் அந்தப் பையனை அத்தனை வருடம் கரித்துக் கொட்டியதெல்லாம் வீண்தானே?" என்று கேட்டுவிட்டுத் தம் இடத்துக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் அந்த முடிச்சைத் துருவித் துருவி ஆராய்ந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

மஞ்சள் பை:
எட்டாம் சீசன் மூன்றாம் எபிசோட், 2019 ஏப்ரல் 29, திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு விடிந்த பிறகுதானே. அந்த எபிசோடோ பெரும்பாலும் இருட்டில் நடக்கும் இரவுப் போர். எங்கள் கூடம் கிழக்குப் பார்த்தது. பிணப்படையின் தலைவன் நைட் கிங் மீது நெட்டின் மகள் ஆர்யா பாய்ந்த அந்த நொடியில் நான் திரையில் தெளிவாகக் கண்டது என் முகத்தையும் பின்னால் கொடியில் காய்ந்த துண்டையும் மட்டுமே.

மறுபடி பார்க்க நினைப்பவர்கள் முதலில் சன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். தொலைக்காட்சியில் "விவிட்" என்ற அமைப்பு இருந்தால் அதை விட்டுச் "சினிமா" அமைப்புக்கு மாறுங்கள். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிரைட்னஸைக் கண்மூடித்தனமாக ஏற்றாதீர்கள். கறுப்பு சாம்பலாகுமே தவிர ஒளிந்திருப்பது தெரியாது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், குறை தம் ஒளிப்பதிவில் இல்லை, பார்ப்பவர்களின் தொலைக்காட்சி அமைப்பில் இருக்கிறது என்ற வகையில் பதில் சொன்னார். அதில் பாதிதான் நியாயம். இணையத்தில் வரும் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் அடிபடுவது இருண்ட பகுதிகளின் நுணுக்கந்தான். ஆகவே புகையும் பனியும் கட்டங்கட்டமாகத் தெரிகின்றன. இணைய வேகம் குறைவாக இருந்தால் கைபேசியிலிருந்து பெரிய திரைக்கு அனுப்பிப் பார்ப்பதைத் தவிருங்கள். ப்ளூ-ரே கிடைத்தால் அதுவே சிறந்தது.

வடக்குக் காவல்:
மஞ்சள் பை ஐயா, இங்கே தொலைக்காட்சி பழுது பார்க்கவில்லை. மற்றவர்கள் தப்பிக்க வேண்டும் என்று ஹோடோர் என்ற வேலைக்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற எபிசோடைப் பார்த்த அன்று மாலை, எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவு மூடப்போகும்போது பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து "கதவைப் பிடிங்க அண்ணா" என்று கத்தினான். நான் பிடித்தேன்; உள்ளே வந்தவன் என் கண்ணைப் பார்த்து, "அண்ணா, நீங்களும் பார்த்துட்டீங்களா?" என்றான்.

டிராகன் கட்சி:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். என் மகளின் வகுப்பில் கலீசி என்ற பெயருடைய சிறுமி ஒருத்தி இருந்தாள்; தொடரில் டிராகன்களை வளர்க்கும் அரசி டெனெரிஸின் பட்டப்பெயர் அது. டெனெரிஸ் தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கை எரித்த எபிசோட் 2019 மே 12 அன்று அமெரிக்காவில் வந்தது. அடுத்த நாள் பிற்பகல் பள்ளி வாசலில் காத்திருந்த தாய்மார் சிலர் அந்தச் சிறுமியின் அம்மாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "இவள் பிறந்தது மூன்றாம் சீசன் முடிந்த கையோடு. விடுதலையான அடிமைகள் டெனெரிஸை அம்மா என்று அழைத்துத் தோளில் தூக்கிய காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெயரை வைத்தேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, வாசலிலிருந்து வந்த மகளை வழக்கம்போலவே முழுப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

"அவள் பைத்தியக்கார அரசனின் மகள், இப்படித்தான் ஆவாள் என்று அன்றே சொன்னோம்" என்று மார்தட்டுகிற தியரிக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் நினைவுதான் வருகிறது. சரணடைந்ததற்கான மணி ஒலித்த பிறகும் அப்பாவி மக்களை எரிப்பதற்கு இரத்தமே காரணம் என்றால், எட்டு சீசன் எதற்கு?

புத்தகப்புழு:
டிராகன் கட்சி அக்காவுக்கு ஒரு மறுப்பு. இரத்தம் என்று மட்டும் நாங்கள் சொல்லவில்லை. மீரீன் நகரில் அடிமைகளை வைத்திருந்த 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள் அவள்தான். 163 குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பதிலடி என்பதால் அன்று கைதட்டினோம். ஏழாம் சீசனில் மண்டியிட மறுத்த டார்லி குடும்பத்துத் தந்தையையும் மகனையும் எரித்தபோதுகூட அவர்கள் நம் ஆட்களல்லர் என்பதால் கடந்துபோனோம். வித்து முதலிலிருந்தே இருந்தது. ஆனால் முளைக்க அவகாசம் தரப்படவில்லை என்ற அளவில் உங்களோடு உடன்படுகிறேன்: முதல் ஆறு சீசன்களுக்குப் பத்துப் பத்து எபிசோடுகள், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. தயாரிப்பாளர்கள் அவசரப்பட்டார்கள்.

அதே எபிசோடில் என் நண்பர் ஒருவர் பிரியாணிப் பந்தயம் கட்டியிருந்தார். லானிஸ்டர் குடும்பத்து அரசி செர்சியைத் தம்பி ஒருவன் கழுத்தை நெரித்துக் கொல்வான் என்று புத்தகத்தில் ஓர் ஆரூடம் வரும். அவளுக்குப் பின் பிறந்த இரட்டையனான ஜேமிதான் அந்தத் தம்பி என்பது தியரி. கடைசியில் இருவரும் அரண்மனை இடிபாட்டில் சேர்ந்தே இறந்தார்கள். ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் சூனியக்காரி குறி சொல்லும் காட்சியில் அந்தத் தம்பிப் பகுதியையே எடுக்காமல் விட்டுவிட்டார்கள், எனவே தொடரில் அப்படி ஓர் ஆரூடமே கிடையாது என்று நான் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நண்பர் கேட்பதில்லை. செங்கல் விழும் நொடியில் படத்தை நிறுத்தி, "ஜேமியின் கை எங்கே இருக்கிறது, நன்றாகப் பார்" என்று இப்போதும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். பிரியாணியை யார் வாங்குவது என்பது முடிவாகவில்லை.