வசதியான நண்பர்கள், அளவான பர்ஸ்: உங்கள் அனுபவம் எப்படி?

மழைக்குருவி:

கல்லூரி முடித்த நாளிலிருந்து பிரியாத கூட்டம் எங்களுடையது. அப்போது எல்லார் பையிலும் ஒரே அளவு காசுதான், அதாவது ஒன்றுமே இல்லை. இப்போது ஒருத்தி பெரிய நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருக்கிறாள். ஒருவன் அப்பாவின் தொழிலைப் பார்க்கிறான். இன்னும் இருவர் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு இரண்டு சம்பளத்தில் வாழ்கிறார்கள். மாதக் கடைசியில் வங்கிச் செயலியைத் திறக்கவே யோசிக்கிற ஆள் நான் மட்டும்தான். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பீற்றிக்கொள்கிறவர்களும் இல்லை. சிக்கலே அதுதான். திமிர் பிடித்தவர்களாக இருந்திருந்தால் எப்போதோ விலகியிருப்பேன்.

பணம் எங்கே போகிறது என்று கவனித்துப் பார்த்தேன். அழைக்கும்போது சொல்கிற செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. சொல்லாத செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. "சும்மா சாயங்காலம் சந்திப்போம்" என்று ஆரம்பிக்கும். அங்கிருந்து "வா, அப்படியே இன்னொரு இடம் போகலாம்" என்பார்கள். நேரமாகிவிடும், கடைசிப் பேருந்து போயிருக்கும், வீட்டுக்கு வாடகைக் காரில்தான் திரும்ப வேண்டும். மறுநாள் காலையில் யாருடைய பிறந்தநாளுக்கோ ஆளுக்கு இவ்வளவு என்று குழுவில் செய்தி வந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் அந்த "சும்மா" எவ்வளவு என்று தெரியும்.

பயணம் என்றால் இன்னும் வேகம். ஒருவர் தங்கும் விடுதியின் இணைப்பை அனுப்புவார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிடுவார்கள். அதன்பின் வாயைத் திறந்தால் காரியத்தைக் கெடுத்தவள் ஆகிவிடுவேன்.

இந்த முறை கட்டைவிரல்கள் விழுமுன்பே எழுதிவிட்டேன்: "மொத்தமாக என்னால் இவ்வளவுதான் முடியும். அதற்குள் அடங்கினால் வருகிறேன். இல்லையென்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை." தொகையையும் எண்ணால் போட்டேன். குழுவில் கொஞ்ச நேரம் ஒரே அமைதி. அப்புறம் இணைப்பை அனுப்பியவனே "சரி, இரண்டு இரவுக்குப் பதில் ஒன்று போட்டால்?" என்று கேட்டான். ஒருத்தி மட்டும் தனியாக போன் செய்து, "இதையெல்லாம் எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? என்னிடம் சொல்லியிருந்தால் நான் பார்த்துக்கொண்டிருப்பேனே" என்று குறைபட்டாள். அந்தப் பார்த்துக்கொள்வதுதான் வேண்டாம் என்பதை அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எப்படிச் சமாளித்தீர்கள்?

கணக்குப்பிள்ளை:

எண்ணைப் போட்டீர்களே, அதுதான் சரி தோழி. "கொஞ்சம் டைட்டாக இருக்கிறது" என்று எழுதியிருந்தால் "அட வா, பார்த்துக்கலாம்" என்று ஒரே வரியில் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எண்ணோடு அப்படி விளையாட முடியாது.

என் தலைவலி பில். நான் மது தொடுவதில்லை, இரவில் சாப்பிடுவதும் குறைவு. எங்கள் மேசையில் எப்போதும் "சமமாகப் பிரித்துவிடலாம்" என்பதுதான் சட்டம். இதன் கணக்கு எளிது. ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் விலை அதிகமான ஒன்றைக் கேட்டால், கூடுதல் விலையில் ஆறில் ஒரு பங்குதான் அவர் பையிலிருந்து போகும். மீதி ஐந்து பங்கு மற்றவர்கள் தலையில். எல்லாருக்கும் இது உள்ளூரத் தெரியும், அதனால் எல்லாருடைய கையும் கொஞ்சம் நீளும்.

இதை உண்மையான உணவகத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். யூரி நீசி என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் இஸ்ரேலில் நடத்திய ஆய்வு, 2004இல் வெளிவந்தது. ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, சில குழுக்களில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கட்ட வேண்டும் என்றார்கள், சில குழுக்களில் பில் சமமாகப் பிரிக்கப்படும் என்றார்கள். சமமாகப் பிரித்த மேசைகளில் ஆளுக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது 80 சதவீதம் பேர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். அதாவது மேசையில் பெரும்பாலோர் நம் கட்சிதான், முதலில் வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

நான் உட்கார்ந்த உடனே, பரிமாறுபவர் குறிப்பேட்டை எடுக்கும்போதே, "எனக்குத் தனி பில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். சாப்பிட்டு முடித்து பில் வந்தபின் இதைச் சொன்னால் கஞ்சன் என்பார்கள். முதலிலேயே சொன்னால் அது வெறும் பழக்கம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஒருவன் மட்டும் முதல் தடவை "சில்லறைக் கணக்குப் பார்க்க ஆரம்பிச்சிட்டான்" என்று சிரித்தான். இப்போது அவனுக்கு அடுத்த நாற்காலிக்காரரும் தனி பில்தான் கேட்கிறார்.

நீலக்குடை:

நான் மறுபக்கத்து ஆள். அதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

எங்கள் மூவரில் எனக்குத்தான் வருமானம் அதிகம். ஒரு தோழி மெனுவைக் கையில் வாங்கியதும் அவள் கண் வலது ஓரத்துக்குத்தான் போகும், விலை இருக்கிற பக்கம். அதில் எது குறைவோ அதன் பெயரை அப்புறம்தான் படிப்பாள். "எனக்கு அவ்வளவாகப் பசியில்லை" என்பாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

நான் கட்டுகிறேன் என்று சொன்னால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. நான் கட்டிய நாள்களில் அவள் இன்னும் குறைவாகக் கேட்டாள், நான் சொன்ன கருத்துக்கெல்லாம் தலையாட்டினாள். எப்போதும் என்னோடு வரிந்துகட்டிச் சண்டை போடுகிறவள் அவள்! பணம் ஒரே பக்கத்திலிருந்து போய்க்கொண்டிருந்தால் பேச்சிலும் ஒரு பக்கம் தாழ்ந்துவிடுகிறது. அதைவிட, அவளால் கட்ட முடிகிற இடத்துக்கு நான் போவது எனக்குச் சுலபம். இடம் சொல்வது எப்போதும் அவள் வேலை என்று பேசிவைத்துக்கொண்டோம். மூன்றாமவள் முதலில் கொஞ்சம் முனகினாள், இப்போது பழகிவிட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மழைக்குருவியோடு ஒத்துப்போக முடியவில்லை. குழுவில் எண்ணைப் போட எல்லாராலும் முடியாது. புதிதாகச் சேர்ந்தவர், வேலை போனதை இன்னும் யாரிடமும் சொல்லாதவர், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? திட்டம் போடுகிறவர்தான் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: "எவ்வளவுக்குள் வைத்துக்கொள்ளலாம்?" வந்த பதில்களில் எது குறைவோ அதை வைத்துத் திட்டம் போடலாம். யார் சொன்ன தொகை என்று வெளியே தெரிய வேண்டியதே இல்லை. கையில் காசு இருக்கிறவருக்கு இந்தக் கேள்வி ஒரு நிமிட வேலை. இல்லாதவர் தானாக வந்து சொல்ல வேண்டுமென்றால் பல நாள் தூக்கம் போகும்.

சின்னக்கா:

பரிசு வசூலைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசு விலை கூடினால் வாங்குகிறவர் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுக்கிறவர்கள்தான் நினைக்கிறார்களாம், வாங்குகிறவர்கள் சொல்வதில் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லையாம். 2009இல் வந்த ஓர் ஆய்வில் படித்தேன். நான் கூட்டு வசூலில் சேருவதில்லை, "நான் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். போன வருடம் தோழி வீடு மாற்றியபோது பகல் முழுக்க அவளோடு பெட்டி கட்டினேன். குழுவாக வாங்கிய விலையுயர்ந்த விளக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிய நான்தான் எடுத்துக் கொடுத்தேன்!

பாதிவழி:

எல்லாரும் நல்லபடியாக முடிந்த கதையாகச் சொல்கிறீர்கள். என்னுடையது அப்படி முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் நானும் வெளிப்படையாகத்தான் சொன்னேன். முதலில் "அதனால் என்ன" என்றார்கள். அடுத்தடுத்து மறுக்க வேண்டி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அழைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் அவர்கள் போய்வந்த இடத்தின் படங்களை வேறொருவர் போனில் பார்த்தேன். எனக்குத் தெரியாத தனிக் குழு ஒன்று இருந்திருக்கிறது. என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை என்று பின்னால் ஒருவர் விளக்கினார். உண்மையாகவே இருக்கலாம். அழைக்கப்படாதவனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

மறுத்தால் அழைத்தவர் நாம் பயப்படுகிற அளவுக்குக் கோபப்படுவதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு வந்ததாக எங்கோ படித்தேன். ஒரு தடவை மறுப்பதற்கு அது சரி. தொடர்ந்து மறுத்துக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. அதைப் பட்டவன் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

பாதிவழி அண்ணே, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். கூட ஒன்று சொல்லட்டுமா? மறுக்கிற வாயாலேயே நாமும் அழைத்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. "சனிக்கிழமை அங்கே வர முடியாது, ஞாயிறு காலை நடக்கப் போகிறேன், யார் வருகிறீர்கள்?" முதல் வாரம் யாரும் வராமல் போகலாம். ஆனால் "இவன் வரமாட்டான்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளாது.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் சொன்னது. அறிமுகமானவர் ஓரளவு நண்பராக 50 மணி நேரம் போல ஆகிறது, நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். அதுவும் வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பது அவ்வளவாகக் கணக்கில் சேராது, சேர்ந்து பொழுது போக்குகிற நேரம்தான் சேரும். விலை அதிகமான பயணத்தில் கிடைப்பதும் மணி நேரம்தான், பூங்கா பெஞ்சில் கிடைப்பதும் மணி நேரம்தான்.

பாதிவழி:

பெஞ்சுக்கு வர அவர்களுக்கு மனசு வேண்டுமே. என் கூட்டத்தில் இரண்டு பேர் வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். மற்றவர்களோடு வருடத்துக்கு ஒரு வாழ்த்துச் செய்தியோடு சரி. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொரு செலவை யாரும் சொல்லவில்லை. அவர்களோடு இருந்தபோது என்னை அறியாமல் என் போன் மாறியது, செருப்பு மாறியது, கைக்கடிகாரம் மாறியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:

அது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நெதர்லாந்தில் ஒரு லாட்டரி, அஞ்சல் குறியீட்டை வைத்துப் பரிசு கொடுப்பார்கள். ஒரு பகுதிக்கு விழுந்தால் அங்கே சீட்டு வாங்கிய எல்லாருக்கும் பணம், ஒருவருக்கு மட்டும் புது காரும் உண்டு. வென்ற வீட்டுக்குப் பக்கத்தில், சீட்டே வாங்காத வீட்டுக்காரர்களும் புது கார் வாங்குவது கூடியிருந்தது என்று 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவர்களுக்குப் பரிசு எதுவும் விழவில்லை!

மழைக்குருவி:

எல்லாவற்றையும் படித்தேன். நீலக்குடை சொன்ன தனியாகக் கேட்கிற முறையை எங்கள் குழுவில் சொல்லிப் பார்க்கப் போகிறேன், என்னைவிட வாய் பேசாத ஒருவன் அங்கே இருக்கிறான். பாதிவழி, உங்கள் பதிவைப் படித்தபின் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தத் தனிக் குழு விஷயம் எனக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம்தான்.

மறுக்கும்போது "நேரமில்லை" என்று சொல்லாதீர்கள், இதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முன்பு நானும் கௌரவமாக இருக்கும் என்று அதைத்தான் சொல்வேன். 2021இல் வந்த ஓர் ஆய்வில், பணமில்லை என்று மறுத்தவர்களைவிட நேரமில்லை என்று மறுத்தவர்களிடம்தான் நெருக்கமும் நம்பிக்கையும் குறைந்து தெரிந்தது. யோசித்தால் புரிகிறது. நேரம் நம் கையில் இருப்பதாகத்தான் மற்றவர்கள் நினைக்கிறார்கள். அதை ஒதுக்கவில்லை என்றால் உனக்கு நான் முக்கியமில்லை என்றே அவர்கள் காதில் விழும். பணத்தைப் பற்றி யாரும் அப்படி நினைப்பதில்லை.

அப்புறம், பயணம் ஓர் இரவு என்று முடிவாகிவிட்டது. எனக்குள்ள பங்கை நானே முன்கூட்டி அனுப்பிவிட்டேன், யாரும் எனக்காகக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்கிற வேலை வேண்டாம் என்று. திரும்பி வரும் வண்டிக்கு யார் எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கும் வரவில்லை என்றால் மறுபடி கேட்பேன்.