லாயிசித்தே: ‘மதச்சார்பின்மை’ போதுமா?

> ‘மதச்சார்பின்மை’ புழக்கத்தில் இருக்கும்போது, பிரான்சின் அரசுக் கொள்கையான லாயிசித்தேவுக்கு (laïcité) இன்னொரு தமிழ்ச் சொல் எதற்கு?

ஐயா, இந்தியாவைப் பற்றி எழுதும்வரை அது போதும். எந்த மதத்தின் பக்கமும் சாயாதே என்பதுதான் அந்தச் சொல். சாயாமலே அரசு எல்லா மதத்துக்கும் பணம் கொடுக்கலாம், கோயிலை நிர்வகிக்கலாம். தமிழ்நாட்டின் 1959 அறநிலையச் சட்டத்தோடு அதற்குச் சண்டை இல்லை. பிரான்சின் 1905 டிசம்பர் 9 சட்டம் வேறு ரகம். அதன் 2ஆம் பிரிவுப்படி குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது.

அப்படியானால் ‘அரசு–சமயப் பிரிப்பு’ என்று முடித்துவிடலாமே? அங்கேதான் இடிக்கிறது. பிரிப்பு என்பது அந்தச் சட்டத்தின் தலைப்பில் இருக்கிறது. லாயிசித்தே என்ற சொல்லோ சட்டத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது பெயரடையாக 1946, 1958 அரசியலமைப்புகளில்தான் வருகிறது. கிழக்கு பிரான்சின் அல்சாஸ், மோசெல் பகுதிகள் 1905இல் ஜெர்மனி வசம் இருந்தன. பிரான்சிடம் திரும்பிய பிறகும் சட்டம் அங்கே நீட்டிக்கப்படவில்லை. கத்தோலிக்கக் குரு, லூத்தரன், சீர்திருத்த சபைப் போதகர்கள், யூத ரபி ஆகியோருக்கு அங்கே இன்றும் அரசுச் சம்பளம். 2013இல் அரசியலமைப்பு மன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. ஆக, அங்கே 1905 சட்டத்தின் பிரிப்பு இல்லை, அரசியலமைப்பின் லாயிசித்தே உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

எனவே சட்டத்துக்குப் ‘பிரிப்பு’ (‘பிரிவினை’ வேண்டாம், 1947 வந்து நிற்கும்). கொள்கைக்குப் ‘பொதுநிலைமை’. பிரெஞ்சு மூலச் சொல்லின் கிரேக்க வேருக்கு ‘மக்கள்’ என்று பொருள். குருக்கள், துறவியர் அல்லாதவர்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘பொதுநிலையினர்’ என்றே சொல்கிறார்கள். பொதுநிலைக் குடியரசு, பொதுநிலைப் பள்ளி என்று அடையாகவும் ஒட்டும்.

> பொதுநிலைப் பள்ளி

வேர் சரி, காது ஒப்பவில்லை. ‘பொது’ என்றாலே எல்லா மதத்துக்கும் இடம் உண்டு என்றுதான் படும். பிரான்சின் 2004 சட்டமோ அரசுப் பள்ளி மாணவர் பளிச்சென்று தெரியும் சமய அடையாளம் எதையும் அணியக்கூடாது என்கிறது: முக்காடு, தலைப்பாகை, பெரிய சிலுவை எதுவும் ஆகாது. ‘சமயநீக்கம்’ என்றால் உடனே புரியுமே?

> சமயநீக்கம்

புரியும், தப்பாக. ஒருவரைச் சபையை விட்டு விலக்கி வைத்தது போல இருக்கிறது. தவிர, அரசோடு ஒப்பந்தம் உள்ள கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளின் ஆசிரியருக்கு 1959 முதல் அரசுதான் சம்பளம் தருகிறது, எதை நீக்கினார்கள்? ‘பொதுநிலைமை’யே இருக்கட்டும். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘அரசு எச்சமயத்தையும் தனதாக ஏற்காத நிலை’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.