சபையின் ஏழைகள் நிதியைப் பயனுள்ள வகையில் செலவிடுவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபையில் ஏழைகள் நிதிக்கென்று மாதந்தோறும் தனிக் காணிக்கை எடுக்கிறோம். பண்டிகைக் காலத்தில் துணிமணிகள் வழங்குகிறோம். மற்ற மாதங்களில் போதகரிடம் வந்து கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் அதே குடும்பங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்கக் கூச்சப்படுகிறவர்களோ பட்டியலிலேயே இல்லை. இந்த நிதி உண்மையிலேயே ஒருவரைக் கைதூக்கிவிட வேண்டுமானால் என்ன செய்யலாம்?

பதில் 1:
இதே சிக்கல் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடுபட்டுப்போவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் பந்திவிசாரணையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளாமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். குறை சொன்ன தரப்பினரிடமே பொறுப்பு போய்ச் சேர்ந்ததாகவே தெரிகிறது. ஆகவே முடிவெடுக்கும் வேலையைப் போதகரின் அறையிலிருந்து ஒரு சிறு குழுவுக்கு மாற்றுங்கள். வறுமையை அனுபவித்தறிந்த இருவராவது அதில் இருக்கட்டும். கூச்சப்படுகிறவர்கள் யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பதில் 2:
நோய், விபத்து, திடீர் வேலையிழப்பு போன்றவற்றுக்கு உடனே கொடுத்துவிட வேண்டும். அங்கே விசாரணை நீளக் கூடாது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நெருக்கடியின் பின்னால் பெரும்பாலும் வட்டிக்கடன் இருக்கும், அதற்கு உதவிப் பொட்டலம் மருந்தாகாது. 1991இல் நைஜர் நாட்டில் கேர் (CARE) என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழு முறையைப் பல நாடுகளில் சபைகளும் பின்பற்றுகின்றன. இருபது பேர் அளவில் கூடி, வாரந்தோறும் இயன்றதைச் சேமித்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் சிறு கடன் கொடுத்து, ஆண்டு முடிவில் சேமிப்பையும் வட்டியையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு உறுப்பினர்களிடம் இருப்பதால், கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மட்டுமே அது திறக்கும். சபை இடமும் கணக்கு எழுதும் பயிற்சியும் தரலாம். காணிக்கைப் பணத்தை அந்தப் பெட்டியில் போடக் கூடாது. கடன் கொடுத்தவராகப் போதகர் மாறிவிட்டால், தவணை தவறியவர் ஆராதனைக்கு வருவதையும் நிறுத்திவிடுவார்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அதே பெயர்கள் வருவதைத் தோல்வியாகக் கருதும் கேள்வியின் தொனியோடு உடன்பட முடியவில்லை. முதியவர்களும் நோயாளிகளும் தேறிப்போய்ப் பட்டியலிலிருந்து விலகுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் அறுபது வயதைக் கடந்த விதவைகளுக்கென்று தனிப் பட்டியலே வைக்கச் சொல்கிறது. இன்னொன்று, உதவியை ஆராதனை வருகையோடு முடிச்சுப் போடாதீர்கள். கிறிஸ்தவத்தை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன்கூட, கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு பிற சமயத்து ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள் என்று 362ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதத்தில் ஆற்றாமையோடு ஒப்புக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நிரந்தர ஆதரவு தேவைப்படுவோரையும் மற்றவர்களையும் இரண்டு பட்டியலாகப் பிரிக்கும்படி மூப்பர்களிடம் பேசப்போகிறேன். உதவி பெறுபவர்களே குழுவில் இருந்தால் பிறருடைய குடும்ப விவரங்கள் வெளியே கசியாதா?

பதில் 1:
வசதி படைத்தவர்கள் குழுவில் இருந்தாலும் கசியத்தான் செய்யும். விண்ணப்பங்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுங்கள். பெயர்ப் பதிவேடு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். சபையாருக்கு வாசிக்கும் கணக்கில் மருத்துவம், கல்வி, வாடகை என்று தலைப்புவாரியாகத் தொகையைச் சொன்னால் போதும்.