ஞாயிறு சமைத்ததை எந்தக் கிழமை வரை சாப்பிடலாம்?

கேள்வி: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறோம். இருவருக்கும் வேலை. ஞாயிறு மொத்தமாகச் சமைத்து வெள்ளி வரை ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடலாமா? இங்கே குளிர்தானே, இரவு பாத்திரத்தை அடுப்பு மேலேயே விட்டால் கெட்டுவிடுமா? பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதிகளும் குழப்புகின்றன.

பதில்: வெள்ளி வரை ஃப்ரிட்ஜில் வேண்டாம். புதன் இரவுக்குள் தீர்ந்துவிடும் அளவை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வியாழன், வெள்ளிக்கானதை ஞாயிறன்றே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். புதன் வரை பார்த்துவிட்டு, மிஞ்சியதை ஃப்ரீசரில் போடுவது தலைகீழ் வேலை. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, வளராமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். மூன்று நாளில் பெருகியது அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வரும்.

சமைத்த உணவுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது 3 முதல் 4 நாள். பிரிட்டனின் ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி இன்னும் கறார், 48 மணி நேரம்தான் தருகிறது. வீட்டில் கர்ப்பிணி, சின்னக் குழந்தை, வயதானவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இருந்தால் கறாரான கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் ஆபத்தானது.

இந்த நாள் கணக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் 1 முதல் 5 வரையிலான திருகு எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். வாடகை வீட்டு ஃப்ரிட்ஜை நம்பாமல் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி, தண்ணீர் நிரப்பிய டம்ளரில் போட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பாருங்கள். 7, 8 என்று காட்டினால் இங்கே சொல்லும் எந்த நாள் கணக்கும் உங்களுக்கு உதவாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

குளிர் வெளியில்தான். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும், அது கிருமிக்குச் சுகமான சூடு. 5 முதல் 60 டிகிரி வரைதான் ஆபத்தான எல்லை. சமைத்தது அந்த எல்லைக்குள் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். இரவு முழுக்க அடுப்பு மேல் இருந்ததைக் காலையில் ஃப்ரிட்ஜில் வைப்பதில் பிரயோசனமில்லை, கொட்டிவிடுங்கள்.

பெரிய பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவதும் தவறு. விளிம்பு ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வராதபடி அகலமான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். அவசரமென்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறுங்கள். முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆவி அடங்கியதும் உள்ளே வைக்கலாம். டப்பாக்களை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விடுங்கள், குளிர் காற்று சுற்றி வரவேண்டும்.

கேள்வி: நன்றி. வாசனை வராமல் இருந்தால், நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாசனையையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கும் கிருமிகள் வேறு, வயிற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு. இரண்டாவது வகை மணத்தையும் ருசியையும் தொடாமலே பெருகும்.

சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், அவை கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியைக் கிளப்பும் அந்த நச்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால் சோற்றை மட்டும் தனிக் கணக்கில் வையுங்கள்: 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், 24 மணி நேரத்துக்குள் தீரட்டும், ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். ரைஸ் குக்கரை 'வார்ம்' நிலையில் விடுவதானால் சோறு 60 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

மீனிலும் இதே சங்கதி. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் சேரும்; பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும்.

சூடாக்குவது தேவையே இல்லை என்று சொல்லவில்லை. நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் திட்டுத்திட்டாகத்தான் சூடாக்கும், பாதியில் நிறுத்திக் கிளறிவிடுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், மொத்த டப்பாவையும் தினம் சூடாக்கி ஆற்றுவது வேண்டாம்.

இன்னொருவரின் பதில்: மேலே சொன்னதோடு, சமைக்காத பொருள்களின் கணக்கும் வேண்டுமே. பச்சைக் கோழி, கொத்துக்கறி, மீன் மூன்றும் ஃப்ரிட்ஜில் 1 முதல் 2 நாள். ஆடு, மாட்டுக்கறி பெரிய துண்டுகளாக இருந்தால் 3 முதல் 5 நாள். கொத்தும்போது வெளிப்புறக் கிருமி உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். பச்சைக் கறி எப்போதும் அடித்தட்டில், தட்டு வைத்து, அதன் மேல். ஒழுகினால் சாலட் மேல் ஒழுகக்கூடாது.

ஃப்ரிட்ஜ் கதவுதான் சூடான இடம். பாலை அங்கே வைக்காதீர்கள். ஊறுகாய், சாஸ் வகைகள் போதும்.

முட்டைக்கு ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அமெரிக்காவில் கழுவி விற்கிறார்கள், ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். ஃப்ரிட்ஜ் கட்டாயம், 3 முதல் 5 வாரம் தாங்கும். ஐரோப்பாவில் பொதுவாகக் கழுவுவதில்லை, அதனால் கடையில் வெளியிலேயே அடுக்கியிருப்பார்கள். எந்த நாடானாலும் அவித்த முட்டை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்தான்.

எண்ணெயில் பச்சைப் பூண்டு போட்டு ஜாடியில் வெளியே வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றில்லை, புளிப்பும் இல்லை. பாட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் நோயின் நச்சு உண்டாக அது போதும். ஃப்ரிட்ஜில் 4 நாளுக்குள் முடியுங்கள், இல்லையேல் ஃப்ரீசரில் வையுங்கள். அதே நச்சு இருக்கலாம் என்பதால் உப்பிய டின்னைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் உணவு பாதுகாப்பாகவே இருக்கும், குறைவது ருசிதான். சமைத்தது 2 முதல் 3 மாதம், கொத்துக்கறி 3 முதல் 4 மாதம், கோழித்துண்டு 9 மாதம், கொழுப்பு மீன் 2 முதல் 3 மாதம். ஒருவேளைச் சாப்பாட்டு அளவில் தட்டையாகக் கட்டி, பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாத பொட்டலத்தை யாரும் எடுப்பதில்லை! உறைந்ததை மேசையில் வைத்து உருக்காமல் முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால் பையை இறுகக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, உருகியதும் சமைத்துவிடுங்கள்.

தேதிகள்: பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் 'யூஸ் பை' என்றிருந்தால் அது பாதுகாப்புக்கான தேதி, அதற்குப் பிறகு சாப்பிடாதீர்கள், அதற்குள் ஃப்ரீசரில் போட்டால் தப்பிக்கலாம். 'பெஸ்ட் பிஃபோர்' தரத்துக்கானது, பிஸ்கட்டோ பருப்போ அந்தத் தேதி தாண்டினாலும் தூக்கிப் போடவேண்டியதில்லை. அமெரிக்காவில் 'செல் பை' கடைக்காரருக்கான குறிப்பு. அங்கே மத்திய சட்டப்படி தேதி கட்டாயமாக இருப்பது குழந்தைப் பால்மாவுக்கு மட்டும்தான், அதை மட்டும் மீறாதீர்கள். எந்தத் தேதியானாலும் பாக்கெட்டைப் பிரிக்கும்வரைதான் செல்லும். பிரித்தபின் எத்தனை நாள் என்று லேபிளில் சின்ன எழுத்தில் தனியாக இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: கதவைத் திறக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48, பாதி நிறைந்தது 24. கரண்ட் வந்ததும் ஃப்ரீசர் பொட்டலத்தில் ஐஸ் துகள் தென்பட்டால் மறுபடி உறையவிடலாம்.