ஜிபிஎஸ் புள்ளி தள்ளிக் காட்டுகிறதா? வடகடல் (பாக் நீரிணை), தென்கடல் (மன்னார் வளைகுடா) அனுபவங்கள்

பாம்பனிலிருந்து:
ரிப்பேருக்கு வரும் ஜிபிஎஸ் பெட்டிகளில் பெட்டியின் குற்றம் குறைவு. அமெரிக்கா சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்திய பிறகு, வெட்டவெளிக் கடலில் சாதாரண ஜிபிஎஸ்கூடச் சில மீட்டருக்குள் நிற்கும். புள்ளி தள்ளிப்போவது இடத்தின் எண்களைப் பெட்டியில் ஏற்றும்போதுதான். 1974 இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தத்தின் மூன்றாம் புள்ளியையே எடுங்கள்: வடக்கு 9 டிகிரி 40.15 மினிட், கிழக்கு 79 டிகிரி 22.60 மினிட். இதில் 15, 60 இரண்டும் மினிட்டின் நூற்றில் பங்கு, செகண்ட் அல்ல. பெட்டி செகண்ட் முறையில் இருந்தால் 60 செகண்ட் கிடையாது என்று கிழக்கு எண்ணை மறுத்துவிடும். வடக்கு எண்ணைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். புள்ளி 185 மீட்டர் வடக்கே போய்விடும். பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஓரம் வலை விடுகிறவருக்கு அது வலை கிழிகிற தூரம். செட்டப்பில் டிகிரி, மினிட், மூன்று தசமம் என்று வைத்த பிறகே ஏற்றுங்கள்.

மண்டபத்திலிருந்து:
பாம்பன் அண்ணே சொன்னதோடு டேட்டமும், அதாவது எண்கள் எந்த அளவு முறையில் கணக்கிடப்பட்டவை என்பதையும், பார்க்க வேண்டும். பழைய எவரெஸ்ட் அளவில் அச்சான வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவில் இருக்கும் பெட்டியில் அப்படியே போட்டால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

கீழக்கரையிலிருந்து:
ஆன்டெனாவைத் தகரக் கூரைக்குக் கீழே கட்டாதீர்கள். ஃபைபர் கூரை என்றால் பரவாயில்லை. கனெக்டரில் உப்பேறிப் பச்சை பூத்தால் சாட்டிலைட் ஒவ்வொன்றாக விழும். கழற்றித் துடைத்து, காயவைத்து, நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது பெட்டி அணைந்து எரிந்தால் வோல்டேஜ் இறங்குகிறது என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி வயர் இழுத்தால் தீரும்.

தங்கச்சிமடத்திலிருந்து:
பொழுது சாய்ந்து நள்ளிரவு வரை சிக்னல் துடிப்பதைப் பலரும் பெட்டிக் கோளாறு என்று நினைக்கிறார்கள். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இருட்டிய பின் வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுந்து சிக்னலைச் சிதறடிக்கும். பங்குனி, புரட்டாசியை ஒட்டி அதிகம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். ககன் (இந்தியா சாட்டிலைட் வழியே அனுப்பும் ஜிபிஎஸ் திருத்தம்) ஆன் செய்தால் சாதாரண நேரத்துப் பிழை குறையும். மெனுவில் எஸ்பிஏஎஸ் அல்லது வாஸ் என்று இருக்கும். ஆனால் இந்தத் துடிப்புக்கு அது மருந்தாகாது. பெட்டி காட்டும் எச்டிஓபி (சாட்டிலைட்கள் நிற்கும் அமைப்பால் பிழை எவ்வளவு பெருகும் என்ற எண்) 2க்கு மேல் ஏறினால் அந்த நேரத்தில் புதுப் புள்ளி பதியாதீர்கள். எல்லை ஓரம் நிற்காமல் மேற்கே விலகி, காம்பஸையும் நீரோட்டத்தையும் பார்த்து ஓட்டுங்கள்.